செம்பருந்துக்கு வசவு வைத்தியம்

"யோவ், உன்னை நம்பி ஒரு குடம் தண்ணி தூக்கி வைக்கச் சொல்ல முடியுமாய்யா? மாசிலேருந்து சொல்றேன், கொல்லைக் கதவுல கீல் போயிருக்கு, கீல் போயிருக்குன்னு. காதுல என்னா, ஐஸ் கட்டியா அடைச்சு வச்சிருக்கே?"

கருக்களாச்சேரிக் கடற்கரையில், பழைய வலைக் கொட்டகைக்குப் பின்னால், காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பேசியவர் தனலட்சுமி அக்கா. மீன் விற்பவர். ஊர் அவரைத் தனம் என்று அழைக்கும். பேச்சைப் பெற்றுக்கொண்டவர் அவருடைய கணவர் கலியமூர்த்தி அண்ணன். அவர் கையில் தேநீர் இருந்தது. முகத்தில் வருத்தம் ஏதும் இல்லை. ஊசிக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்பவரைப் போல, நேராக நின்று, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் எதிரே சவுக்குக் கழிகளால் ஆன நீளமான கூண்டு. அதற்குள் ஒரு செம்பருந்து. தனம் அக்காவின் குரல் ஏறும்போதெல்லாம் அது கழியிலிருந்து கழிக்குத் தாவி, கடைசி மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

சாக்குத் திரைக்குப் பின்னால் அமர்ந்திருந்த நான், போதும் என்று கை காட்டவில்லை.

"இன்னும் கொஞ்சம் திட்டவா பாப்பா?"

"இன்னும் கொஞ்சம், அக்கா."

"அந்த மோட்டாரு சமாச்சாரத்தை எடேன்," என்று கலியமூர்த்தி அண்ணன் எடுத்துக்கொடுத்தார். "அதை நீ இன்னும் சொல்லல."

ஒரு குடும்பச் சண்டையை நான் ஒளிந்திருந்து ரசித்ததாக உங்களுக்குத் தோன்றலாம். சென்ற வாரம் இந்தப் பத்தியில் பேருந்தில் கேட்ட பேச்சுகளை எழுதியதற்கே, "எல்லாரையும் ஒட்டுக் கேக்குற பொண்ணுன்னு நெனைக்கப் போறாங்கடி" என்று அம்மா கவலைப்பட்டார். ஆகவே முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். அது சண்டை அன்று, சிகிச்சை. நோயாளி, கூண்டுக்குள் இருந்த பறவை.

சும்மாட்டுத் துணிக்குள்

அப்போது தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்கட்டும் என்று விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவைக்கும் கோடை வாரங்கள். எனக்கும் கல்லூரி விடுமுறை. ஆக, கருக்களாச்சேரியில் ஆண்களுக்கும் எங்கள் ஊரான அம்பகரத்தூரில் எனக்கும் ஒரே சமயத்தில் வேலை இல்லாமல் போயிருந்தது.

தனம் அக்காவுக்கு மட்டும் ஓய்வில்லை. கரையோரம் போய்வரும் சிறு படகுகளின் மீனை வாங்கக் காலையில் கடற்கரைக்குப் போனவர், மணலில் படர்ந்த அடப்பங்கொடிக்குள் ஏதோ அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். யாரோ வீசிப்போன நைலான் கயிறு ஒரு செம்பருந்தின் காலைச் சுற்றியிருந்தது. கயிற்றின் நுனியில் இருந்த தூண்டில் முள் அதன் இடது இறக்கையில் ஏறியிருந்தது.

வெள்ளைத் தலை, செம்மண் நிற உடல். எங்கள் பக்கத்தில் அதை யாரும் பருந்து என்று சொல்வதில்லை. கருடன். வானத்தில் வட்டமிட்டால், நடந்துகொண்டிருப்பவர் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். வண்டி ஓட்டுபவர் ஒரு கையால் போட்டுக்கொள்வார்.

தனம் அக்கா முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தலையிலிருந்த கூடையை இறக்கி, சும்மாட்டுத் துணியைப் பிரித்து, பறவையின் மேல் போர்த்தி, அப்படியே வாரி எடுத்து, காரைக்காலுக்கு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார். உள்ளே இருப்பது யாரென்று தெரிந்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, பின்னிருக்கையைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே ஓட்டினாராம். "என் வாழ்க்கையிலேயே அன்னிக்குத்தான் ஆட்டோவுல மீன் நாத்தம்னு யாரும் மூஞ்சியத் திருப்பல" என்று அக்கா பிறகு சொன்னார்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா முள்ளை எடுத்தார். எலும்பில் கீறல் விட்டிருந்தது. இறக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டுப் போட்டார். வனத்துறைக்குத் தகவல் போய், குணமாகும்வரை பறவை அவருடைய பொறுப்பில் இருக்கலாம் என்று அனுமதி வந்தது. எலும்பு கூடிய பிறகு, பறந்து பழக நீளமான கூண்டு வேண்டும் என்றார். மருத்துவமனையில் இடமில்லை. கருக்களாச்சேரிப் பஞ்சாயத்தார் வலைக் கொட்டகையின் பின்புறத்தை ஒதுக்கித் தந்தார்கள்.

வேலையில்லாத ஓர் ஊர் முழுவதும் ஒரு கூண்டு கட்ட முன்வந்தால் என்ன ஆகும் என்பதை அன்று பார்த்தேன். கழி பிடிக்க ஒருவர், கழி பிடிப்பவரைக் குறை சொல்ல நால்வர். வலையால் அடைக்கலாம் என்றார்கள். வலையில் இறகு முறியும், கழிகளை நெருக்கமாக நட்டால் போதும் என்று டாக்டரம்மா தடுத்தார். பொழுது சாய்வதற்குள் கூண்டு எழுந்துவிட்டது. உள்ளே சாய்ந்துகொள்ள ஒரு திண்டும் வைக்கலாமா என்று கேட்டவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பினோம்.

பராமரிக்கும் வேலைக்கு டாக்டரம்மா என்னை வரவழைத்திருந்தார். மீன் போடுவது, கூண்டைக் கழுவுவது, எச்சத்தின் நிறத்தைக் கவனிப்பது, பேசாமல் இருப்பது. கடைசி வேலைக்கு எனக்கு இயல்பாகவே தகுதி இருந்தது. மற்றவற்றை ஓர் ஆந்தையிடம் கற்றிருந்தேன்.

விழிதியூர் ஆந்தை

அந்த ஆந்தையைப் பற்றி இங்கே சொல்லாமல் போனால் கதையின் நியாயம் புரியாது.

அதற்கு முந்தைய அறுவடையின்போது, விழிதியூரில் சித்தப்பாவின் வயலில் கதிர் அறுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு வெண்ணிற ஆந்தை பறக்க முடியாமல் தத்திக்கொண்டிருந்தது. தோளில் அடி. அதைக் கூடையில் கவிழ்த்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். எலும்பு முறியவில்லை, சும்மா இருக்க விட்டால் சரியாகிவிடும் என்றார். எங்கே சும்மா இருக்க விடுவது? சித்தப்பா வீட்டு மாட்டுக் கொட்டிலில் ஓர் இருட்டு மூலை கிடைத்தது.

சித்தி அதற்குப் பிறகு கொட்டில் பக்கமே வரவில்லை. "அதோட பேரையே சொல்லாதே. சொன்னா வீட்டுக்கு ஆகாது" என்றார். பால் கறக்கச் சித்தப்பா போனார். தெருவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டைக் கடக்கும்போது நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்கள். நான் மட்டும் மாலையில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, டாக்டரம்மா சொன்ன தீனியை வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஆந்தை என்னைப் பார்த்தால் குக்கரில் ஆவி பிரிவதுபோல் சீறும்.

கொஞ்ச நாளில் அது நன்றாகப் பறந்தது. ஓர் அந்தியில் கதவைத் திறந்துவைத்தேன். திரும்பிப் பார்க்காமல் போயிற்று. சித்தி சாம்பிராணி போட்டார்.

அதன் உடம்பைத் தேற்றியது யார் என்று கேட்டால், பாதி டாக்டரம்மா, பாதி விழிதியூரின் வெறுப்பு என்பேன். ஒருவரும் அதை நெருங்கவில்லை. அதனால் அது கடைசிவரை ஆந்தையாகவே இருந்தது. கருக்களாச்சேரியில் இருந்த கஷ்டமே வேறு. அங்கே பறவையின் மேல் எல்லாருக்கும் அன்பு.

கூண்டு கோயிலான விதம்

முதல் நாள் ஒரு பெண் கூண்டுக்கு எதிரே செருப்பைக் கழற்றினார். அவ்வளவுதான், மறுநாள் அங்கே செருப்புக் குவியல்.

மீன் வாங்கி வரும் பெண்கள், கூடையின் முதல் மீனைக் கருடனுக்கு எடுத்துவைத்தார்கள். அதைத் தரையில் போடுவது மரியாதை இல்லையாம், கழி இடுக்கு வழியே கையில் ஏந்திக் கொடுத்தார்கள். சனிக்கிழமை என்றால் துளசி வந்தது. பிரான்சுக்கு விசா கேட்டிருந்த ஒருவர் கடவுச்சீட்டைக் கொண்டுவந்து கூண்டுக்கு முன்னால் காட்டிவிட்டுப் போனார். பரீட்சை முடிவுக்குக் காத்திருந்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். யாரோ கழிகளில் மல்லிகைச் சரம் கட்டினார்கள்.

நான் பேச வேண்டியதாயிற்று. என் குரல் வகுப்பறையில் இரண்டாவது வரிசையைத் தாண்டாது. இருந்தும், தொட வேண்டாம், கையால் ஊட்ட வேண்டாம், அருகே நிற்க வேண்டாம் என்று காரணங்களோடு எடுத்துச் சொன்னேன். எல்லாரும் தலையசைத்தார்கள். "பாப்பா படிச்ச புள்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். மறுநாள் வாழையிலை விரித்திருந்தது.

ஓர் அட்டையில், 'பறவையின் அருகில் வராதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன். மாலையில் பார்த்தபோது அட்டைக்குச் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் இட்டிருந்தார்கள்.

எல்லாரையும் விஞ்சியவர் தனம் அக்கா. கண்டெடுத்தவர் என்ற உரிமை. "அய்யா சாப்ட்டீங்களா? காரப்பொடி மீனு கொண்டாந்திருக்கேன், வாங்க" என்று அவர் அழைத்தால், பறவை கழியில் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து முன்னால் வரும். அவர் விரலிடுக்கிலிருந்து மீனை மெல்ல வாங்கிக்கொள்ளும். பிறகு யார் வந்தாலும் வந்தது. வளையல் ஒலித்தாலே கழுத்தை நீட்டியது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு விழிதியூர் ஆந்தையின் சீறல் நினைவுக்கு வந்தது.

இதற்கிடையில் வீட்டில் என் நிலைமையும் சரியில்லை. மீன் வாடையோடு அம்பகரத்தூர்ப் பேருந்தில் ஏறினால், நின்றுகொண்டு வருபவர்கள்கூட என் பக்கத்து இருக்கையில் உட்கார மாட்டார்கள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன் கிடையாது. கொல்லைப்புறமாக வந்து, குளித்த பிறகே உள்ளே நுழைய வேண்டும். கருடனுக்குப் போட்ட மீன்தானே என்று ஒருமுறை வாதாடிப் பார்த்தேன். "கருடனுக்குப் போட்டதுன்னாலும் மீனு மீனுதான். மொதல்ல தலைக்கு ஊத்திக்க" என்றார் அம்மா.

சோதனை

இறக்கை எப்படி இருக்கிறது என்று பார்க்க டாக்டரம்மா வந்தார். பறவையைக் கூண்டின் நீளத்துக்குப் பறக்கவைத்தார். பிழையில்லாமல் பறந்தது. பிறகு ஒரு மத்தி மீனைக் கையில் பிடித்துக்கொண்டு, கழிகளுக்கு அருகே போய் நின்றார்.

செம்பருந்து நேராக அவரிடம் வந்து, கழியில் அமர்ந்து, அலகைத் திறந்தது.

கூடியிருந்தவர்கள் மகிழ்ச்சியில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டாக்டரம்மா மீனைக் கொடுக்கவில்லை.

"என்னம்மா இது?" என்று என்னைப் பார்த்தார். "பருந்தா, வீட்டுக் கோழியா?"

எனக்கு முன்னால் தனம் அக்கா பதில் சொன்னார். "நாங்க ஒண்ணும் கெடுதல் பண்ணலையே டாக்டரம்மா. சாப்பாடுதான் போட்டோம்."

"அதாம்மா கெடுதல். வெளியில விட்டா இது யார் கையில மீன் பாத்தாலும் போய் உக்காரும். வலை இழுக்குற இடத்துல போய் நிக்கும். மறுபடி கயித்துல மாட்டும். அப்ப நீங்க பக்கத்துல இருப்பீங்களா?"

"அப்ப என்னா செய்றது?"

"இப்படியே இருந்தா விட முடியாது. ஏதாவது பூங்காவுக்கு அனுப்ப வேண்டியதுதான்."

"பூங்கான்னா மரம்லாம் இருக்குமா?"

"கூண்டு இருக்கும்."

"எத்தன நாளைக்கு?"

"அது உயிரோட இருக்குற வரைக்கும்."

தனம் அக்கா கூண்டைப் பார்த்தார். பறவை இன்னும் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தது. அவர் ஊரில் யாருக்கும் பேச்சில் விட்டுக்கொடுத்ததில்லை. அன்று தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டரம்மாவிடம் திரும்பினார்.

"மனுசங்களைப் பாத்தா இதுக்குப் பயம் வரணும்" என்றார் டாக்டரம்மா. "பழக்கினது நீங்க. நீங்கதான் பயமுறுத்தணும். தண்ணி பீச்சுங்க, சத்தம் போடுங்க, தட்டுங்க. சாப்பாடு மட்டும் யார் கையிலேருந்து வருதுன்னு அதுக்குத் தெரியவே கூடாது. தடைக்காலம் முடியுறப்ப திரும்ப வர்றேன். அன்னிக்கும் இப்படியே வந்து நின்னுச்சுன்னா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"கருடனையா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். "கருடனை நாங்க வெரட்டுறதா?"

டாக்டரம்மா வண்டியில் ஏறிவிட்டார்.

சாமிக்குச் செய்யாத ஒலி

உணவுப் பகுதியை நான் முடித்தேன். கூண்டின் ஓரத்தில் சாக்குத் திரை கட்டி, அதன் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே மீனை உள்ளே தள்ளினேன். காணிக்கை மீன்களையெல்லாம் என்னிடமே தந்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். தந்தார்கள். சிலர் என்னையும் ஒருமுறை கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பயமுறுத்தும் பகுதியில்தான் சிக்கல்.

முதலில் தண்ணீர். ஒரு வாளியும் தோட்டத்துக்குத் தெளிக்கும் பூவாளியும் கொண்டுவந்து வைத்தேன். பொறுப்பேற்ற பெண் வாளியில் மஞ்சளைக் கரைத்தார். கண்களை மூடிக்கொண்டு, மெதுவாக, தலையிலிருந்து வால் வரை நனையும்படி ஊற்றினார். பறவை இறக்கையை விரித்துச் சுகமாகக் குளித்தது. அது அபிஷேகம்.

அடுத்து, தட்டை அடித்தோம். தட்டின் ஓசை கேட்டதும் பின்னால் நின்றவர்கள் கைகூப்பிவிட்டார்கள். கூப்பிய கைகளோடு தட்டை எப்படி ஓங்கி அடிப்பது? அதுவும் பூசை மணியாக மெலிந்தது. கைதட்டிப் பார்த்தார்கள். இரண்டு நொடியில் தாளம் சேர்ந்து பஜனை ஆயிற்று. ஊளையிடச் சொன்னேன். குலவை வந்தது.

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. ஓர் ஊரில் எழும் ஒலிகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் ஏற்கனவே சாமிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. மிச்சமிருந்தது திட்டு ஒன்றுதான்.

கருக்களாச்சேரியில் திட்டுவதற்குத் தனம் அக்காவை விட்டால் ஆள் இல்லை. காரைக்கால் மீன் அங்காடியில் அவரிடம் மீன் வாங்க வருபவர்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அவர் ஒருவரைத் திட்டினால் அதில் தொடக்கம், வளர்ச்சி, உச்சம் எல்லாம் இருக்கும். அடுக்கடுக்காக, எதுகை தவறாமல் வந்து விழும். தமிழ்ப் பாடத்தில் நாங்கள் அசை பிரித்துத் தெரிந்துகொள்ளும் ஓசை ஓட்டம் அவருக்கு வாயைத் திறந்தால் வரும்.

அப்படிப்பட்டவர் கூண்டுக்கு முன்னால் நின்று, வாயைத் திறந்து, மூடினார்.

"முடியல பாப்பா."

"அக்கா, பக்தர்களே சாமியைத் திட்டிப் பாடியிருக்காங்க. உனக்குக் கண்ணில்லையா, காதில்லையான்னெல்லாம் கேட்டிருக்காங்க. அது ஒரு மரபு."

"அவங்க பாடுனாங்க. அது சாமிக்குக் காதுல தேனாட்டம் இருந்திருக்கும். நான் பேசுனா அப்படியா இருக்கும்?"

நான் மரபை விட்டுவிட்டுக் கெஞ்சத் தொடங்கினேன்.

"ஒரு வார்த்த, அக்கா. ஒரே ஒரு வார்த்த."

அவர் பறவையைப் பார்த்தார். "அய்யா," என்றார். "நீங்க... நீங்க பண்றது நல்லாயில்லீங்க."

பறவை ஆவலோடு முன்னால் வந்தது.

அந்த நேரத்தில்தான் கலியமூர்த்தி அண்ணன் ஐஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். விசைப்படகில் போகிறவர். தடைக்காலத்தில் வீட்டு வேலைக்கு ஒத்தாசை செய்வதாக ஒப்புக்கொண்டு, செய்துகொண்டிருந்தவர். பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தார். ஐஸ் முக்கால்வாசி தண்ணீராகியிருந்தது.

"வழியில ஒரு ஆட்டம் கேரம்," என்றார் அவர். "ஒரே ஆட்டம்தான்."

தனம் அக்கா திரும்பினார். கருடனுக்கு முன்னால் அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்தது அனைத்தும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. அதை அப்படியே இங்கே எழுத முடியாது. பத்திரிகை ஆசிரியர் விடமாட்டார். ஐஸில் தொடங்கி, கேரம் பலகைக்குப் போய், நிச்சயதார்த்தத்தன்று அண்ணன் தாமதமாக வந்ததைத் தொட்டு, அவருடைய அக்காமார் இருவரையும் சுற்றிக்கொண்டு, மறுபடி ஐஸுக்கு வந்து நின்றது என்று மட்டும் சொல்லலாம்.

கூண்டுக்குள் படபடவென்று ஒரு சத்தம். நாங்கள் மூவரும் திரும்பினோம்.

செம்பருந்து கடைசி மூலையில் இருந்தது. இறகெல்லாம் உடம்போடு ஒடுங்கி, மெலிந்து, அகலத் திறந்த கண்களோடு தனம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கூண்டில் அது பின்வாங்கி நான் பார்த்தது அதுவே முதல் முறை.

"அண்ணே," என்றேன். என் குரல் எனக்கே அவசரமாகக் கேட்டது. "நாளைக்கும் இதே நேரத்துக்கு வர முடியுமா?"

வீட்டுக்காரரோடு வரவும்

கலியமூர்த்தி அண்ணன் ஒப்புக்கொண்டார். தேநீர் மட்டும் வேண்டும் என்றார்.

தனம் அக்காவுக்கும் இதில் மனத்தடை இல்லை. "கருடனைத் திட்டமாட்டேன். இந்த மனுசனைத் திட்டுறதுக்கு எனக்கென்னா? கருடனே சாட்சியா இருக்கட்டும்."

மறுநாள் காலை, மாலை. அடுத்த நாளும். ஒருவரே சத்தம் போட்டால் பறவை ஒருவருக்கு மட்டும் அஞ்சும், பல குரல்கள் வேண்டும் என்று டாக்டரம்மா தொலைபேசியில் சொன்னார். பஞ்சாயத்து ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: "பொதுமக்கள் கவனத்துக்கு. கருடனைத் தரிசனம் பண்ண வர்ற பெண்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வரவும். கும்பிடுறது கூண்டுக்கு அந்தப் பக்கம், பேசுறது இந்தப் பக்கம். தனியா வர்றவங்களுக்கு அனுமதி இல்லை."

கூட்டம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. மல்லிகைச் சரம் கட்டிய கைகள் இப்போது இடுப்பில் ஊன்றியிருந்தன. ஆண்கள் முறைவைத்து வந்தார்கள். சிலர் சிரித்தபடி வந்து, சிரிக்காமல் திரும்பினார்கள். ஒருவர் மட்டும், "இதெல்லாம் கருடனுக்காகச் சொன்னதா, எனக்காகச் சொன்னதா?" என்று போகும் வழியில் மனைவியிடம் கேட்டுக்கொண்டே போனார். பதில் எனக்குக் கேட்கவில்லை.

தனம் அக்காவின் சரக்கு ஒரு கட்டத்தில் தீர்ந்துபோனது உண்மை. அப்போதெல்லாம் கலியமூர்த்தி அண்ணன்தான் கைகொடுத்தார். மோட்டாரை ஓடவிட்டு மறந்தது, கொழுந்தியாள் வளைகாப்பில் தூங்கிப்போனது என்று, மனைவிக்குத் தெரியாத குற்றங்களைக்கூட ஒன்றிரண்டு எடுத்து நீட்டினார். தெரியாதவை வந்த நாள்களில் சிகிச்சை மிக நன்றாக வேலை செய்தது.

ஒரு நாள் வழக்கமான முறை முடிந்ததும் அக்கா என் சாக்குத் திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். பறவை மூலையில் ஒடுங்கியிருந்தது.

"இப்பல்லாம் என்னைப் பாத்தா அது மூஞ்சி கொடுக்கறதே இல்ல பாப்பா."

"அதுதானே வேணும், அக்கா."

"வேணும்தான்." புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த மீன் செதிலைக் கிள்ளி எறிந்தார். "வேணும்தான். தெரியுது."

குழாயை அவர் பக்கம் நகர்த்தி, ஒரு மீனை நீட்டினேன். அதை உள்ளே தள்ளிவிட்டு, பறவை வந்து எடுப்பதைச் சாக்கின் கண்கள் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருப்பது அதற்குத் தெரியவில்லை.

கதவு

டாக்டரம்மா சொன்னபடி வந்தார். மத்தி மீனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கூண்டை நோக்கி நடந்தார். பாதி வழியிலேயே பறவை எழும்பிக் கடைசி மூலைக்குப் போய்விட்டது. என்னை நடக்கச் சொன்னார். அதேதான். கலியமூர்த்தி அண்ணன் நடந்தார். வாய் திறந்து எவரையும் ஒருமுறையும் திட்டாத அவருக்கும் அதேதான்.

டாக்டரம்மா மீனைக் கூடையில் போட்டார். "என்னா பண்ணீங்க?"

எல்லாரும் தனம் அக்காவைப் பார்த்தார்கள்.

"குடும்ப விஷயம்," என்றார் கலியமூர்த்தி அண்ணன்.

வனத்துறையினர் வந்து பார்த்துச் சரி என்றார்கள். காற்று நன்றாக இருந்த ஒரு காலையில், பறவையின் இறக்கையை டாக்டரம்மா கடைசியாக ஒருமுறை விரித்துப் பார்த்தார். இடது இறக்கையில் ஓர் இறகு பாதியில் முறிந்திருந்தது. அது பறப்பதைக் கெடுக்காது, அடுத்த முறை இறகு உதிரும்போது புதிதாக முளைக்கும் என்றார். ஊரார் எல்லாரையும் படகுகளுக்குப் பின்னால் நிறுத்தினோம். சத்தம் கூடாது, கைதட்டக் கூடாது, குலவை கூடவே கூடாது.

கதவுக் கழிகளை நான் உருவினேன். சற்று நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு செம்மண் நிறத்தில் ஒன்று என் தோளுக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. கொட்டகையின் கூரை, தென்னைகள், அதற்கும் மேலே. வட்டமிட்டபோது அங்கே ஏற்கனவே இரண்டு மூன்று பருந்துகள் இருந்தன. எது எங்களுடையது என்று சொல்ல முடியாமல் போயிற்று.

படகுகளுக்குப் பின்னால் ஊர் முழுவதும், ஓசையே இல்லாமல், கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மணலில்

கல்லூரி திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கருக்களாச்சேரிக்குப் போனேன். விசைப்படகுகள் கடலுக்குப் போய்வரத் தொடங்கியிருந்தன. மணலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார்கள். குடலையும் தலையையும் அலையோரம் எறிய, பருந்துகள் வந்து வந்து தூக்கிப்போயின.

"பாப்பா, அந்தக் கொடிக்கம்பு மேல பாரு," என்றார் தனம் அக்கா, கையை நிறுத்தாமல், தலையையும் தூக்காமல்.

நிறுத்தியிருந்த ஃபைபர் படகின் கொடிக்கம்பில் ஒரு செம்பருந்து. இறக்கையை நீட்டிக் கோதியபோது இடப்பக்கத்தில் அந்த முறிந்த இறகு தெரிந்தது.

மற்றவை எல்லாம் கீழே இறங்கித் தின்றுகொண்டிருந்தன. இது மட்டும் இறங்கவில்லை. எங்களுக்கு எதிரே கிடந்த குவியலைப் பார்க்கும், அக்காவைப் பார்க்கும், கழுத்தை இழுத்துக்கொள்ளும்.

"தெனம் வருது. நான் இங்க உக்காந்திருக்குற வரைக்கும் எறங்க மாட்டேங்குது."

அவர் கூடையிலிருந்து ஒரு முழு மீனை எடுத்தார். பெரிய, பளபளப்பான சங்கரா. கை தானாகவே உயர்ந்தது. உதடுகள், "அய்யா" என்று தொடங்கப்போகும் வடிவத்துக்கு வந்தன. கம்பின் மேலிருந்த பறவை ஒரு கால் மாற்றி நின்றது.



தனம் அக்கா மீனைக் கூடைக்குள் திரும்ப வைத்தார். அரிவாள்மணையை மடக்கினார். எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கினார். நானும் கூடவே நடந்தேன். கரையேறிய படகுகளைத் தாண்டி, கொட்டகை நிழல் வரை போன பிறகுதான் நின்றார். அப்போதும் அவர் திரும்பவில்லை.

"எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சு, அக்கா."

"குடலா, தலையா?"

"தலை. தூக்கிக்கிட்டுப் போயிருச்சு."

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த கலியமூர்த்தி அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "என்னா, கடையப் பாதியில விட்டுட்டு வந்துட்டே?"

"யோவ், எம் மூஞ்சியப் பாத்தா கருடனே பயந்து ஓடுதுய்யா," என்றார் அக்கா. மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்த செய்தியைத் தெருவுக்குச் சொல்கிறவரின் குரல் அது. கண்கள் மட்டும் அந்தக் குரலோடு ஒத்துப்போகவில்லை.

"அதுக்கு ரெக்க இருக்கு," என்றார் அண்ணன்.